பந்தியில் சமபங்கு கண்ட பெருந்தலைவர்

ஒரு நாட்டுத் தலைவரின் பெருமையை அளப்பதற்குப் பல கோல்கள் உண்டு. அவர் கட்டிய அணைகளைக் கொண்டு அளப்பார் சிலர். வென்ற தேர்தல்களைக் கொண்டு அளப்பார் சிலர். நாடெங்கும் நிறுவப்பெற்ற சிலைகளை எண்ணி அளப்பாரும் உளர். வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் பிறந்து, கூலிக்குச் சென்ற தாய் திரும்பி வந்து உலை வைக்கும் வரை வாசலில் காத்திருந்த மக்களாகிய நமக்கு வேறொரு கோல் உண்டு. நண்பகலில் நம் குழந்தையின் வயிறு நிறைந்ததா, அது எவர் அருகில் அமர்ந்து உண்டது என்பதே அக்கோல். அக்கோலால் அளந்து பார்த்தாலும் உயர்ந்து நிற்பவர் பெருந்தலைவர் காமராசர் ஆவார்.

பாளையம்பட்டியில் நம் கல்விக் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், வெள்ளி விழா மலருக்கு அன்னாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு கழகத்தார் பணித்தனர். நாடறிந்த அவ்வரலாற்றை முழுமையாக எழுதப் பெரிய நூல்கள் இருக்கின்றன. ஆகவே உணவு என்னும் ஓர் இழையை மட்டும் பற்றிக்கொண்டு அவ்வாழ்க்கையின் ஊடே சென்று வர விழைகின்றோம். நம் இளைஞர்கள் அறிய வேண்டுவன அவ்விழையில் பல உள்ளன.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

நம் ஊருக்கு மேற்கே, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்குள் இருப்பது விருதுநகர். அக்காலத்தில் அதன் பெயர் விருதுபட்டி. அங்கே 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோரின் மகனாகக் காமராசர் பிறந்தார். தந்தையார் தேங்காய் வணிகர். மகனுக்கு ஆறு வயது நிரம்பிய காலத்திலேயே தந்தை மறைந்தார். தாயும், மகனும், தங்கை நாகம்மாளும் உறவினர் ஆதரவில் வாழ வேண்டியவராயினர். வறுமை என்பது அவர் நூலில் படித்தறிந்த பொருளன்று. வீட்டுக்குள் கண்டறிந்த பொருள்.

அவர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை விருதுபட்டி நாடார் பெருமக்களால் தொடங்கப்பெற்றது. அப்பள்ளி நடந்த முறை நம் கழகத்தார் அனைவரும் நினைவில் கொள்ளத்தக்கது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் எடுத்து வைப்பர். அவ்வாறு சேர்ந்த அரிசி வீடு வீடாகத் திரட்டப்பெற்றுப் பள்ளிக்குச் சேரும். வணிகர்கள் தம் விற்பனையில் மகமை என்று ஒரு சிறு பங்கு தருவர். பிடி அரிசியும் மகமையும் ஆசிரியர் சம்பளமாயின, பிள்ளைகளின் படிப்பாயின.

அம்மக்களும் அந்நாளில் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களே. திருச்சுழிக்குக் கிழக்கே உள்ள கமுதியில் 1897-இல் அவர்கள் ஆலயத்துள் புகுந்ததற்காக வழக்கு நடந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் அவ்வழக்கில் அவர்கள் தோற்றனர். நீதிமன்றத்தில் தோற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் வென்றார்கள் என்பது வரலாறு. ஆயினும் அவர்தம் நிலைக்கும் நம் நிலைக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அவர்களிடம் கடை இருந்தது. நம்மிடம் கை மட்டுமே இருந்தது. கடையில் மகமை எடுக்கலாம். அன்றாடக் கூலியாக வாங்கி வந்த தவசத்தில் எதை எடுத்து வைப்பது? அந்த நிலையிலும் நம் பெற்றோர் எடுத்து வைத்தார்கள் என்பதற்கு இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுகளே சான்று.

காமராசரின் பள்ளிப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் வரலாற்றை எழுதியோர் பலரும் கூறுவர். விநாயகர் சதுர்த்தி விழாவுக்காக மாணவர் அனைவரிடமும் ஒரே அளவு காசு வாங்கப்பட்டது. பூசை முடிந்து பொரியும் கடலையும் தேங்காயும் வழங்கியபோது முண்டியடித்துச் சென்ற பிள்ளைகளுக்கு மிகுதியாகக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராசரின் கைக்கு வந்தது மிகக் குறைவு. வீட்டார் காரணம் கேட்டனர். எல்லோரிடமும் ஒரே காசு வாங்கிய பின் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது வழங்குபவரின் கடமை என்றும், முண்டியடித்து வாங்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் அச்சிறுவர் விடை கூறினாராம்.

சிறு நிகழ்ச்சிதான். எனினும் அவர் பிற்காலத்தில் செய்தவற்றின் வித்து இதனுள் இருக்கிறது என்பது நம் கருத்து. முண்டியடிக்க வலுவில்லாதவனுக்கும் அவன் பங்கு அவன் இருக்கும் இடத்திற்கே வந்து சேர வேண்டும். அதற்குப் பொறுப்பு வாங்குபவனுடையதன்று, வழங்குபவனுடையது. பங்கீட்டு நீதி முழுவதும் இவ்விரண்டு சொற்றொடர்களில் அடங்கும்.

உப்பும் சிறையும்

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். கடையில் இருந்தபோதும் மனம் நாட்டு விடுதலையை நாடியது. பொதுக்கூட்டங்களுக்கு ஓடினார், காங்கிரசுத் தொண்டரானார். அவரை அரசியலிலிருந்து விலக்க எண்ணி உறவினர் திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அங்கிருந்த காலத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடப்பதற்கு இருந்த தடையை எதிர்த்து 1924-இல் நடந்த வைக்கம் போராட்டத்தில் அவர் பங்கு கொண்டார்.

1930-இல் இராசாசியின் தலைமையில் வேதாரணியத்தில் நடைபெற்ற உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை புகுந்தார். உப்பின் மீது வரி என்றால் இன்றைய இளைஞர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாமற் போகலாம். வெஞ்சனம் வாங்க வழியில்லாத வீட்டில் கூழுக்குத் துணை உப்பும் மிளகாயும் மட்டுமே. செல்வர் வீட்டு விருந்துக்கும் ஏழை வீட்டுக் கூழுக்கும் உப்பு ஏறத்தாழ ஒரே அளவு வேண்டும். ஆகவே உப்பு வரி ஏழையின் தோளில்தான் கனமாக ஏறியது. காமராசரின் முதல் சிறைவாசம் உணவைப் பற்றிய ஒரு போராட்டத்தால் நேர்ந்தது என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அதன்பின் பலமுறை சிறை சென்றார். மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1937-இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். 1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அப்பதவியிலிருந்து விலகிக்கொண்டார். முழுநேரமும் உழைக்க இயலாத பதவியில் பெயருக்கு அமர்ந்திருப்பது முறையன்று என்பது அவர் எண்ணம். மணம் செய்துகொள்ளவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை.

ஆட்சியும் அன்னமும்

1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் அவர் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் அரை நாள் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என 1953-இல் கொண்டுவரப்பட்டிருந்த கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். அத்திட்டம் நிலைத்திருந்தால் உழவுக் கூலியின் பிள்ளை உழவுக் கூலியாகவும், துப்புரவாளரின் பிள்ளை துப்புரவாளராகவும் வளரப் பள்ளிக்கூடமே வழிகாட்டியிருக்கும்.

தம் அமைச்சரவையில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பி.பரமேசுவரன் அவர்களிடம் இந்து அறநிலையப் பொறுப்பை ஒப்படைத்தார். எந்தக் கோயில்களுக்குள் நம் பாட்டனார் புக முடியாதிருந்ததோ அந்தக் கோயில்களின் நிருவாகம் நம்மவர் ஒருவரிடம் வந்தது. மேலூருக்கு அருகிலுள்ள தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவர்கள் 1957 முதல் அமைச்சராக இருந்து பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகிய பெரும் பொறுப்புகளைத் தூய்மையோடு நிறைவேற்றினார்.

ஊர்தோறும் பள்ளி திறக்க வேண்டும் என்பது காமராசரின் உறுதி. பள்ளிகள் திறக்கப்பட்டன; ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். ஆனால் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சுற்றுப்பயணத்தின்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கண்டு, பள்ளிக்குப் போகாத காரணத்தை அவர் வினவினாராம். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டானாம். இந்நிகழ்ச்சி நடந்த இடத்தை ஊருக்கு ஓர் இடமாகச் சொல்லுவர். எங்கு நடந்திருந்தாலும் அச்சிறுவனின் வினா நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் வினா. ஆடு மேய்க்கும் பிள்ளைக்கு ஆட்டுக்காரர் வீட்டில் ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். பருத்தி எடுக்கப் போகும் பெண்பிள்ளைக்கு அரைக் கூலி கிடைக்கும். பள்ளியில் கிடைப்பது எழுத்து மட்டுமே. பசித்த வயிற்றுக்கு எழுத்து ஏறாது.

பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் முன்னரும் இருந்ததுண்டு. சர் பி.தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட வேண்டும் என்பது விதி. பணமின்மையால் சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. நகரத்தில் நின்றுபோனதை நாடு முழுவதும் நடத்திக் காட்டக் காமராசர் துணிந்தார். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அவர்கள் அதற்கு உற்ற துணையானார்.

பணத்திற்கு எங்கே போவது என்று கேட்டவர் பலர். அணைக்கும் ஆலைக்கும் பணம் வேண்டியிருக்கும்போது சோற்றுக்குச் செலவிடுவதா என்று ஐயுற்றாரும் உளர். தேவையானால் ஊர் ஊராகச் சென்று துண்டேந்திப் பிச்சை எடுக்கவும் தாம் அணியம் என்னும் கருத்தை அவர் மேடைகளில் வெளியிட்டார். அரசு ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் ஏற்பது என முடிவாயிற்று. 1956-இல் எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தெற்கே செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. நம்மைப் போன்றே மழையை எதிர்நோக்கும் கரிசல் ஊர். முதற்கட்டமாக 1,300 மையங்களில் 65,000 பிள்ளைகளுக்கு உணவளிக்க அரசு நிதி ஒதுக்கியது. ஊரார் அறுவடையில் தவசம் தந்தனர், விறகு தந்தனர், காய்கறி தந்தனர். ஆசிரியர்களே மேற்பார்த்தனர். 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியால் கோதுமையும் பால்பொடியும் எண்ணெயும் வந்தன. அந்த எண்ணெய்த் தகரங்கள் வீடுகளில் தண்ணீர் மொள்ளப் பயன்பட்டதை நம் ஊர்ப் பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் நீண்டன. நம் தெருக்களிலிருந்து முதன்முதலாகப் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டியவர்கள் பலர் அந்த நண்பகல் சோற்றின் மக்களே.

பசியும் பந்தியும்

நம் பசிக்கு மழையின்மை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் மழை பெய்த ஆண்டிலேனும் நாம் வயிறார உண்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நிலம் பிறரிடம் இருந்தது. கண்மாய்த் தண்ணீர் எந்த மடை வழியே எந்த வயலுக்குப் பாய வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்தனர். பொதுக் கிணற்றில் நம் தோண்டி இறங்கக் கூடாது. தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை. திருமண வீட்டில் எல்லோரும் உண்டபின் கொல்லைப்புறத்தில் நம் இலை. உணவு இருக்கும் ஊரிலேயே உணவை அடையும் வழி அடைபட்டிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாடு நகரத்துப் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தியதன் பொருளும் இதுவே. தாகம் தீர்ப்பதற்கு மட்டும் அவர் அங்கே செல்லவில்லை. எல்லோர்க்கும் உரிய நீர் தமக்கும் உரியது என்று நிலைநாட்டச் சென்றார்.

ஆதலின் பள்ளிப் பந்தி நமக்கு இருமடங்கு பொருள் உடையது. வயிற்றுக்குச் சோறு என்பது ஒரு பொருள். ஒரே தரையில் ஒரே வரிசையில் ஒரே பானைச் சோறு என்பது மற்றொரு பொருள். முதற்பொருளைச் சட்டென நிறைவேற்ற முடிந்தது. இரண்டாவது எளிதில் நிறைவேறவில்லை. பல ஊர்களில் நம் பிள்ளைகள் வரிசையின் கடைக்கோடியில் அமர்த்தப்பட்டனர்.

காமராசரின் ஆட்சிக்காலத்திலேயே, 1957 செப்டம்பர் 11-ஆம் நாள், பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் அவர்கள் கொலையுண்டார். இரட்டைக் குவளை முறையை எதிர்த்தும், சம மதிப்பைக் கோரியும் பாடுபட்டவர் அவர். அதனையொட்டி எழுந்த முதுகுளத்தூர்க் கலவரத்தின் புகை நம் வட்டாரத்தையும் சூழ்ந்தது. நல்ல ஆட்சி சோறு போட முடியும். சாதியை ஓர் ஆணையால் அகற்ற முடியாது என்பதை அந்த ஆண்டு நமக்கு அறிவித்தது. அத்தலைவரின் பெருமையைப் பேசும் இடத்தில் இதனையும் பேசுவதே நேர்மை.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டா. நாம் ஆசிரியப் பணியில் இருந்த ஒரு சிற்றூரில், நம் சமுதாயப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைக்க அமர்த்தப்பட்டபோது, சில வீட்டார் தம் பிள்ளைகளிடம் வீட்டுச் சோற்றைக் கட்டிக் கொடுத்தனுப்பினர். நாம் ஆசிரியர்கள் நாள்தோறும் அப்பெண்மணி சமைத்த சோற்றைப் பிள்ளைகளின் வரிசையிலேயே அமர்ந்து உண்டோம். சில வாரங்களில் வீட்டுச் சோற்றுப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிள்ளைகளுக்குச் சாம்பாரின் மணம் தெரிந்தது. சாதியின் மணம் தெரியவில்லை. பெரியோர்தாம் கற்பிக்கின்றனர்.

1967 கற்பித்த பாடம்

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த காமராசர், கட்சிப் பணிக்காக 1963 அக்டோபர் 2-ஆம் நாள் பதவியைத் துறந்தார். 1964-இல் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மைப் பங்கு ஆற்றினார்.

1965, 1966 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு நின்றது. தமிழகத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. விலையோ ஏழைக்கு எட்டவில்லை. இந்தி எதிர்ப்பு உணர்ச்சியும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் முழக்கத்தை முன்வைத்த தி.மு.க. 1967 தேர்தலில் வென்றது. காமராசர் பிறந்த விருதுநகரிலேயே பெ.சீனிவாசன் என்னும் இளைஞரிடம் தோற்றார்.

நாட்டுப் பிள்ளைகளுக்குச் சோறிட்டவர் அரிசிப் பஞ்சம் நிலவிய ஆண்டில் தோற்றது வரலாற்றின் கடுமையான பாடங்களுள் ஒன்று. மக்கள் நன்றி மறந்தார்கள் என்று இதனைச் சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நேற்று உண்ட சோறு இன்றைய பசியைத் தீர்க்காது. உணவு என்பது ஒருவரின் அருளால் ஒருமுறை கிடைக்கும் கொடையாக இருக்கும்வரை அந்த அருளாளர் எவ்வளவு பெரியவராயினும் அது நிலையற்றது. ஒவ்வொரு நாளும், எவர் ஆட்சியிலும், கேட்டுப் பெறத்தக்க உரிமையாக அது மாற வேண்டும்.

அம்மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்ந்தது. 1977-இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து வென்று முதலமைச்சரான எம்.ஜி.இராமச்சந்திரன் அவர்கள், 1982 சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, பள்ளி செல்லாத சிறு குழந்தைகளுக்கும் உணவு கிட்டச் செய்தார். 1984-இல் அது உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. நம் தலைமுறையினர் அச்சோற்றில் வளர்ந்தவர்கள். 1989-இல் அமைந்த கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2004 ஏப்பிரலில் அதே வழக்கில், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் மு.க.இசுடாலின் தொடங்கி வைத்தார். 2024-இல் காமராசர் பிறந்த நாளன்று ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. எட்டயபுரத்தில் மூட்டிய அடுப்பு அணையாமல் பல கைகள் காத்து வந்திருக்கின்றன.

காமராசர் 1975 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளில், மறைந்தார். விட்டுச் சென்ற செல்வம் என ஏதுமில்லை. 1976-இல் பாரத இரத்தினா விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

நம் தட்டும் நம் தவசமும்

பெருந்தலைவரின் பணி எங்கே நின்றதோ அங்கிருந்து நாம் தொடர வேண்டும். இன்று நம் தெருக்களில் வெறும் வயிற்றோடு உறங்கும் வீடுகள் அருகிவிட்டன. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடை அரிசி அந்நிலையைத் தந்தது. ஆயினும் வயிறு நிறைவது வேறு. உடல் வளர்வது வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். காலை மூன்றாம் மணிக்கு எழுந்து பூப்பறிக்கவும், களை எடுக்கவும் செல்லும் நம் தாய்மாரை இக்கணக்கோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

நம் பாட்டிமார் காலத்தில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே. மற்ற நாட்களில் கம்பங்கூழும், சோளச்சோறும், குதிரைவாலிச் சோறும், கேப்பைக் களியும்தாம். மழை பெய்ததும் கரிசற்காட்டில் தானே முளைக்கும் கீரைகள், வேலியோரத்து முருங்கை, புன்செய்ப் பாசிப்பயறு ஆகியன வெஞ்சனமாயின. அவற்றை ஏழைகளின் உணவு என்று பிறர் இகழ்ந்தனர், நாமும் நாணினோம். அரிசி மதிப்பின் அடையாளமாயிற்று. அதில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மறுக்கப்பட்டதை முதலில் விரும்புவது மனித இயல்பு.

இன்று காட்சி மாறிவிட்டது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நாம் நாணி ஒதுக்கிய குதிரைவாலி நகரத்துக் கடைகளில் அழகிய பைகளில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. அதை விளைவித்த புன்செய்க்காரரோ உமி நீக்க அருகில் ஆலையின்றி அறுத்த கையோடு வணிகரிடம் கொடுத்துவிடுகிறார். உரலில் இடித்து உமி நீக்கும் உழைப்பை மீண்டும் நம் பெண்கள் தலையில் சுமத்துவது நீதியாகாது. இங்கும் முண்டியடிப்பவர்க்கே பெரும்பங்கு போகிறது. விளைவிக்கும் ஊரின் குழந்தைத் தட்டுக்கு அத்தவசம் நியாயமான விலையில் வந்து சேர வேண்டும். அது அவர்க்குரிய பங்கு.

சமுதாய இளைஞர்களே! இதன்பொருட்டு நாம் செய்யத்தக்கன சில உள. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் உறுப்பினராக அமர்ந்து, உணவின் அளவையும் தரத்தையும், பிள்ளைகள் அமரும் வரிசையையும் நேரில் பார்வையிட வேண்டும். சமையல் பணி நியமனங்களில் நமக்குரிய முன்னுரிமை கிடைக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டறிய வேண்டும். நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒன்றுகூடி, உமி நீக்கும் பொறி ஒன்றை வட்டார அளவில் அமைக்க வேளாண்மைத் துறையின் உதவியை நாட வேண்டும். வீட்டுக்கு ஒரு முருங்கை, பள்ளிக்கு ஒரு கீரைப்பாத்தி என்பன பணம் வேண்டாப் பணிகள்.

மற்றொரு பணி நம் கழகத்திற்கு உரியது. விருதுபட்டிப் பெருமக்கள் பிடி அரிசியில் ஒரு பள்ளி நடத்தினர். இன்று நம் வீடுகளில் அன்றுபோல் கலயம் வெறுமையாக இல்லை. வெளியூர்க் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் சிலர், விடுதி இடம் கிட்டாமல், மாலை வேளையில் தேநீரும் வடையும் கொண்டு பசியாற்றிப் படிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு பிடி தவசம் அல்லது அதன் விலை எனத் திரட்டினால் அவர்களுள் பலரின் ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவைக் கழகம் ஏற்க இயலும். இதனை வெள்ளி விழாத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு கழகத்தாரை வேண்டிக்கொள்கிறோம். தருபவர் பெயரோ பெறுபவர் பெயரோ பலகையில் எழுதப்பட வேண்டா. பெறும் பிள்ளை தலைகுனியாமல் பெற்றுக்கொள்ளும்படி வழங்குவதே சமபங்கின் இலக்கணம்.

பெருந்தலைவருக்குச் சிலைகள் பல உள. அவர் பெயரில் சாலைகளும் கட்டடங்களும் உள. நம் ஊர்ப் பள்ளியில் நாள்தோறும் நண்பகல் மணி அடிக்கிறது. அப்போது எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, நம் கரிசலில் விளைந்த நல்லுணவை வேண்டுமளவு உண்டு எழுவராயின், அதுவே நாம் அவருக்குச் செய்யும் நன்றியாகும்.